நாக்கட்டும் முதற்பாலும்: திரியாயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனிதனின் நாவுக்கு உண்டல், மொழிதல் என இரு தொழில்கள் உள. இவற்றுள் காலத்தால் முந்தியது உண்டலேயாகும். பிறந்த குழவியின் நா, முதற்சொல்லை மொழிவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே பால் பருகும் தொழிலைத் தொடங்கிவிடுகின்றது. எனினும் நாவின் குறைபாடுகள் பற்றி இலக்கியங்களும் சமய நூல்களும் மருத்துவ நூல்களும் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பேச்சு வராத நாவுக்குக் கிடைத்த கவனம் பால் பருகவியலாத நாவுக்குக் கிடைக்கவில்லை என்பது புலனாகின்றது. ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்து திருச்செந்தூரிற் பேசத் தொடங்கியவர் எனக் குமரகுருபரரைப் பற்றிய வரலாறு கூறும். மாற்கு எழுதிய சுவிசேடத்தின் 7ஆம் அதிகாரத்திலும் நாவின் கட்டு அவிழ்ந்து பேசிய ஒருவனின் செய்தி உண்டு. பேசாத நாவையுடையோர் உயிர்வாழ்ந்தமையால் அவர்களைப் பற்றி எழுதப்பட்டது. பால் பருகவியலாத மகவோ பெயரிடப்படுமுன்னரே மடிந்து, தாயின் நினைவில் மட்டுமே எஞ்சியது.

நாவின் அடிப்புறத்தை வாயின் கீழ்த்தளத்தோடு இணைக்கும் மெல்லிய சவ்வு சில குழந்தைகளிற் பிறவியிலேயே குறுகியதாகவோ, தடித்ததாகவோ, நுனிக்கு மிக அண்மையிற் பொருந்தியதாகவோ அமைந்து, நாவின் அசைவைத் தடுப்பதுண்டு. இந்நிலை இக்கட்டுரையில் நாக்கட்டு என்னும் சொல்லாற் குறிக்கப்படுகின்றது. பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு 4 முதல் 11 வரையானோரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறும். அவர்களுட் பலர் இடரின்றிப் பால் பருகுவர், சிலரே துன்புறுவர். அச்சிலரின் பொருட்டு மருத்துவ உலகம் கண்ட வழிகள் யாவை, அவற்றுட் பிழைத்தவை யாவை, ஈழத்தின் கீழ்க்கரையில் நகருக்குத் தொலைவாக அமைந்த ஓரூர்த் தாய்க்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரியாயும் முதலுணவு மரபும்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வழியில் திரியாய் அமைந்துள்ளது. வயலும் குளமும் காடும் கடலும் அடுத்தடுத்து அமைந்த தொன்மையான ஊர் இது. இங்குள்ள குன்றின்மீது வட்ட வடிவான பௌத்தக் கட்டடத்தின் அழிபாடுகள் உள. அக்குன்றின் பாறையில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்துக்களில், வடமொழியிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று உண்டு. கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததெனக் கருதப்படும் இக்கல்வெட்டைப் பேராசிரியர் பரணவிதான பதிப்பித்துள்ளார். கிரிகண்டிச் சைத்தியம் என்னும் இத்தலத்தோடு திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர்களை அது தொடர்புபடுத்துகின்றது.

இப்பெயர்கள் பௌத்த மரபில் நன்கு அறியப்பட்டவை. விநய பிடகத்தின் பகுதியாகிய மகாவக்கத்தின்படி, ஞானம் பெற்றபின் புத்தர் ஏற்ற முதலுணவை அளித்தோர் தபுஸ்ஸ, பல்லிக என்னும் இரு வணிகராவர். அவ்வுணவு மாவும் தேனும் கலந்து செய்யப்பட்டதென அந்நூல் கூறும். ஆகவே திரியாய்க் குன்றின் கல்வெட்டு, முதலுணவு அளித்தோரின் நினைவைத் தாங்கிய சின்னமாகவும் கொள்ளத்தக்கது.

முதலுணவாகத் தேனை அளித்தல் குழந்தை வளர்ப்பு மரபிலும் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் தேனையோ சர்க்கரை நீரையோ தொட்டுவைத்தல் தமிழகத்திற் சேனை எனப்படும். ஈழத்திலும் இதனையொத்த வழக்கம் இருந்துள்ளது. வணிகர் அளித்த முதலுணவு கல்லில் இடம்பெற்றது. தாயர் அளித்த முதலுணவின் வரலாற்றை அறிய மருத்துவ நூல்களையும் வழக்காறுகளையுமே நாம் நாடவேண்டியுள்ளது.

பால் பருகும் முறையும் அதன் தடையும்

நூல்களை நோக்குமுன், நாக்கட்டு எவ்வாறு பால் பருகுதலைத் தடுக்கின்றது என்பதைச் சுருக்கமாக விளக்குதல் பொருத்தமாகும்.

தாய்ப்பால் பருகுதல் வெறும் உறிஞ்சுதலன்று. குழந்தை வாயை அகலத் திறந்து, முலைக்காம்பை மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும் பகுதியையும் வாயினுள் வாங்குகின்றது. நா கீழ் ஈற்றுக்கு மேலாக முன்னே நீண்டு, குவிந்து, முலையைத் தாங்கிக்கொள்ளும். பின்னர் நா கீழே தாழும்போது வாயினுள் வெற்றிடம் தோன்றிப் பால் சுரந்து வரும். நாவின் இவ்வசைவே பாலைக் கொணர்கின்றது.

நாக்கட்டு இறுக்கமாயின் நா முன்னே நீளாது. அழும்போது நுனி இழுபட்டு இதய வடிவிற் பிளவுபட்டதுபோலத் தோன்றும். குழந்தை முலையைப் பற்றவியலாது நழுவிக் காம்பின் நுனியை மட்டும் ஈறுகளாற் கடிக்கும். தாயின் காம்பு வெடித்துப் புண்ணாகும். பருகும்போது நாவினாற் சொடுக்குவது போன்ற ஒலி எழும். நெடுநேரம் பருகியும் குழந்தையின் பசி தீராது. மார்பிற் பால் தேங்குவதாற் பால் கட்டிக்கொள்ளும். வீக்கமும் காய்ச்சலும் வரக்கூடும். பால் வெளியேறாத மார்பு நாளடைவிற் சுரத்தலைக் குறைத்துக்கொள்ளும். இந்நிலையில், பால் போதாமையே குழந்தை மெலிவதற்குக் காரணம் என ஊரார் கூறுவர். உண்மையில், பருகப்படாமையாற் பால் குறைந்ததேயன்றி, பால் இல்லாமையாற் குழந்தை பருகாதிருக்கவில்லை. காரணமும் விளைவும் இவ்வாறு இடம் மாறித் தோன்றுவதே இவ்விடரின் தனித்தன்மை. வரலாற்றில் நேர்ந்த தவறான முடிவுகள் பலவற்றிற்கும் இதுவே தோற்றுவாய் எனலாம்.

வடமொழி மருத்துவ நூல்கள்

ஆயுள்வேத மூலநூல்கள் முதற்பால் பற்றி ஒருமித்த கருத்துடையனவல்ல. சரக சங்கிதையின் சாரீரத்தானம், தேனும் நெய்யும் அளித்தபின் வலப்பக்க முலையை முதலிற் கொடுக்குமாறு பணிக்கின்றது. சுசுருத சங்கிதையோ, பால் வரும் வழிகள் மூன்று அல்லது நான்கு நாள்களின் பின்னரே திறக்கின்றன எனக் கொண்டு, முதல் நாள்களில் தேனும் நெய்யும் ஊட்டி, அதன்பின் முலை கொடுக்குமாறு விதிக்கின்றது. பிற்காலத்து வாக்படரும் இக்கருத்தைப் பின்பற்றினார்.

இவ்வேறுபாடு நாக்கட்டுள்ள குழந்தையைப் பொறுத்தவரை சிறியதன்று. பிரசவித்த முதலிரு நாள்களில் மார்பு மென்மையாயிருக்கும். அப்போது சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிது. பற்றுதற்கு எளிதான அம்மார்பிலேயே குழந்தை பருகக் கற்றுக்கொள்ளும். மூன்றாம், நான்காம் நாள்களிற் பால் பெருகி மார்பு விம்மி இறுகியபின், அசையவியலாத நாவையுடைய குழவி அதனைப் பற்றுதல் இருமடங்கு கடினமாகும். மேலும், முதல் மூன்று நாள்களும் தேனும் நெய்யும் நக்கி உண்ணும் குழந்தையிடம் நாவின் குறை வெளிப்படாது. முலை கொடுத்தலைத் தாமதித்தல் குறையை மறைத்துப் பின்னர் அதனைப் பெரிதாக்கிற்று.

நாவின் நோய்களாகச் சுசுருதர் ஐந்தினைக் குறிப்பிடுகின்றார். அவை வாத, பித்த, கபங்களால் நாவில் முட்போன்று எழும் மூவகைக் கண்டகங்களும், அலாசம், உபசிக்குவிகை என்னும் வீக்கங்களுமாம். பிறவியில் நாவடிச் சவ்வு குறுகியிருத்தல் இவ்வைந்தனுள் இடம்பெறவில்லை. எனினும் சரகரின் நூலில் நம் கவனத்தை ஈர்க்கும் செய்தியொன்று உளது. பிறந்த குழந்தையின் அண்ணம், உதடு, தொண்டை, நா ஆகியவற்றை, நகம் நன்கு வெட்டப்பட்டு, நன்கு கழுவப்பட்டு, பஞ்சு சுற்றப்பட்ட விரலால் துடைக்கவேண்டும் என்பது அதுவாகும். மருத்துவிச்சியின் விரல் குழவியின் நாவைத் தொடும்போது அதில் நகம் இருத்தலாகாது என்ற இவ்விதி எத்துணை முன்னோக்குடையது என்பது, ஐரோப்பிய வரலாற்றோடு ஒப்பிடும்போது விளங்கும்.

தமிழ் மருத்துவமும் வழக்காறும்

தமிழிற் குழந்தை மருத்துவம் பாலவாகடம் என்னும் பெயரால் வழங்கும். யாழ்ப்பாணத்து மருத்துவ நூல்களுள் தலையாயதாகிய பரராசசேகரத்தில் பாலரோகங்கள் பற்றிய பகுதி உண்டு. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நூலைப் பதிப்பித்து உதவினார். தமிழ் மருத்துவ மரபு குழந்தை நோய்களை அகக்காரணம் உடையவை, புறக்காரணம் உடையவை எனப் பகுத்து, மாந்தம், கணம் முதலியவற்றை முன்னதிலும், தோடம் முதலியவற்றைப் பின்னதிலும் அடக்கும். வாயில் தோன்றும் அக்கரம் போன்ற புண்களும் கூறப்படும். குழந்தை பால் உண்ணாமைக்குத் தாய் உண்ட உணவும், அதனாற் கெட்ட பாலும் முதன்மைக் காரணங்களாகக் கொள்ளப்பட்டன. எனவே மருந்தும் பெரும்பாலும் தாய்க்கே கொடுக்கப்பட்டது.

வழக்காறுகளிலும் இதே நோக்கைக் காணலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி சமைத்தல், உள்ளி சேர்த்தல், முருங்கையிலை கொடுத்தல், பால்சுறாவைத் தேடிச் சமைத்தல் ஆகியன பால் பெருக்கும் வழிகளெனக் கொள்ளப்பட்டன. கடலை அடுத்த ஊர்களிற் பால்சுறாவுக்குக் குறைவில்லை. இவ்வுணவுகள் தாயின் உடலைத் தேற்றுவன என்பதில் ஐயமில்லை. ஆனாற் குழந்தையின் நா அசையாதவிடத்து, எத்துணைப் பால் சுரப்பினும் அது மார்பிற் கட்டிக்கொள்வதன்றிக் குழந்தையின் வயிற்றைச் சேராது.

குழந்தையின் நாவில் தடவப்பட்ட மருந்தும் பேச்சையே நோக்கிற்று என்பது வியப்புக்குரியது. உரைமருந்தில் இடம்பெறும் வசம்பு, நாவைத் திருத்திப் பேச்சைத் தெளிவாக்கும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அதன் வடமொழிப் பெயராகிய வசா என்பதும் பேசுதலைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. இக்காலக் குழந்தை மருத்துவர் முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றி உரைமருந்து உள்ளிட்ட எதனையும் கொடுக்கலாகாது என்பர். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் அரிதாகவேனும் உயிராபத்தான நச்சு நோயை விளைவிக்கக்கூடும் என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மையாகும்.

ஆயினும் தமிழ்ப் பெண்டிரின் கைகளில் இருந்த ஒரு கருவி போற்றுதற்குரியது. அது பாலாடை, சங்கு என்னும் பெயர்களால் வழங்கும் சிறு மூக்குடைய பாத்திரமாகும். முலை பற்றவியலாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிச் சிறிது சிறிதாக வாயில் ஊற்ற அது பயன்பட்டது. திறந்த வடிவினதாதலின் கழுவுதற்கு எளிது. புட்டியின் இறப்பர்க் காம்பைப் போல அழுக்குத் தங்குமிடம் அதில் இல்லை. இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகள் எடை குறைந்த குழந்தைகளுக்குத் தாயின் பாலை ஊட்டுதற்கு இன்றும் பாலாடையைப் பயன்படுத்துகின்றன. நாக்கட்டுக்கு மருந்து காணாத மரபு, நாக்கட்டுள்ள குழந்தையை உயிரோடு காக்கும் வழியொன்றைக் கண்டிருந்தது எனலாம்.

மேனாட்டு மருத்துவம்: நகமும் கத்தரிக்கோலும்

உரோம நாட்டு மருத்துவ ஆசிரியர் செல்சுசு, கி.பி. முதலாம் நூற்றாண்டில், பிறவியிலேயே கீழே பிணைக்கப்பட்ட நாவைப் பற்றி எழுதினார். நாவின் நுனியைக் குறட்டாற் பற்றி, அருகிலுள்ள குருதிக் குழாய்களைக் காயப்படுத்தாது, கீழுள்ள சவ்வை வெட்டவேண்டும் என்றார். அவர் கருதிய பயனும் பேச்சே. வெட்டியபின் நா பற்களுக்கு வெளியே நீண்டபோதிலும் பேச்சு வராத ஒருவனையும் அவர் நேர்மையோடு குறிப்பிடுகின்றார். சத்திர சிகிச்சை செம்மையாக நடந்தவிடத்தும் பயன் கிட்டாதிருக்கலாம் என்னும் இவ்வெச்சரிக்கை, ஈராயிரம் ஆண்டுகளின் பின்னரும் பொருந்துவதாக உள்ளது.

பால் பருகுதலின் பொருட்டு நாக்கட்டு நீக்கப்பட்டமைக்குத் தெளிவான சான்றொன்று பிரான்சிய அரச குடும்ப வரலாற்றில் உண்டு. 1601ஆம் ஆண்டு செத்தெம்பர் 27ஆம் நாள் பிறந்த இளவரசர், பின்னாளில் பதின்மூன்றாம் லூயி மன்னரானவர், பிறந்தபோது பால் பருக இடர்ப்பட்டார். அரச வைத்தியர் எரோவார் எழுதிய நாட்குறிப்பின்படி, நாவடிச் சவ்வே தடையெனக் காணப்பட்டு, சத்திர வைத்தியர் கில்மோ அதனை வெட்டினார். அரண்மனையிற் பிறந்த மகவாதலின் இச்செய்தி எழுத்திற் பதிந்தது. அதே ஆண்டிற் குடிசைகளிற் பிறந்து அதே தடையால் வாடிய மகவுகளுக்கு நாட்குறிப்பு எழுதுவார் இலர்.

அக்குடிசைகளில் மருத்துவிச்சியரே சவ்வைக் கிழித்தனர். இதற்கென ஒரு விரலின் நகத்தை நீளமாக வளர்த்துக் கூர்மையாக வைத்திருந்தனர் என ஐரோப்பிய மருத்துவ நூல்கள் கூறும். இத்தாலிய உடற்கூற்றறிஞர் பப்ரீசியசு இவ்வழக்கத்தைக் கண்டித்தார். நகத்தின் அழுக்காற் புண் சீழ்ப்பிடித்துக் குழந்தை இறத்தல் கூடுமாதலின் கண்டனம் தகுதியானதே. நகத்தை வெட்டிப் பஞ்சு சுற்றுக என்ற சரகரின் விதியை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஆயினும் ஐரோப்பிய மருத்துவிச்சியர் ஒன்றைக் கண்டிருந்தனர் என்பதையும் மறுத்தற்கில்லை. பால் உண்ணாக் குழந்தையின் காரணத்தைப் பாலில் மட்டும் தேடாது வாயினுள்ளும் அவர்கள் நோக்கினர். அவர்களின் கருவி பிழையுடையது, நோக்கு பிழையற்றது.

18ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய சத்திர வைத்தியர் ஜீன் லூயி பெற்றி இச்சத்திர சிகிச்சையைச் செம்மைப்படுத்த முயன்றார். தேவையின்றி வெட்டுவதாலும் மிகையாக வெட்டுவதாலும் குருதிப் பெருக்கு நேரும் எனவும், கட்டற்ற நா பின்னே மடிந்து மூச்சை அடைத்தல் கூடும் எனவும் அவர் எச்சரித்தார். ஆக, வெட்டுதலின் பயனும் மிகையாக வெட்டுதலின் கேடும் ஐரோப்பாவில் ஒருங்கே அறியப்பட்டிருந்தன.

ஈழத்தில் மகப்பேற்று மருத்துவத்தின் வளர்ச்சி

மேனாட்டு மகப்பேற்று மருத்துவம் தமிழ் மொழியில் ஈழத்திற்கு வந்தமை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மோன்செல் என்பார் எழுதிய மகப்பேற்று நூல், 1857இற் பிரசவ வைத்தியம் என்னும் பெயரில் தமிழாக்கமாக வெளிவந்தது. தாயும் சேயும் பற்றிய அறிவை அவர்களின் மொழியிலேயே தரவேண்டும் என்ற கிறீனின் கொள்கை, மருத்துவிச்சியின் கண்ணறிவையும் நூலறிவையும் இணைத்தற்குரிய முதற்படியாகும்.

1879இற் கொழும்பில் த சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென நிறுவப்பட்டது. இவை நகரையும் அதனை அடுத்த ஊர்களையும் சார்ந்தவை. கிராமத்து இல்லங்களை நாடிச் சென்ற சேவை, 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவோடு முறையாகத் தொடங்கிற்று. ஒரு குறித்த நிலப்பரப்பிற்கு ஒரு மருத்துவமாது பொறுப்பாக இருந்து, கருவுற்ற தாயரைப் பதிந்து, வீடு சென்று பார்த்து, பிரசவத்தின் பின்னும் தொடர்ந்து கண்காணிக்கும் இம்முறை பின்னர் நாடு முழுவதும் பரவியது. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது, 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 ஆக உயர்ந்த சிசு மரண வீதம், 1950இல் 82 ஆகக் குறைந்தது. அண்மைக் காலத்தில் 10இற்கும் கீழானது. மலேரியா ஒழிப்பு, கல்வி, உணவுப் பங்கீடு எனப் பல காரணங்கள் இதற்குண்டு. அவற்றுள் மருத்துவமாதின் கால்நடைப் பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

புட்டிப்பாலும் மறதியும்

20ஆம் நூற்றாண்டில் நாக்கட்டு பற்றிய அறிவு மருத்துவ உலகில் மங்கியது. ரின்பாலும் பால்மாவும் பரவியமை இதற்கு முதன்மைக் காரணமாகும். புட்டியின் காம்பிலிருந்து பால் எளிதில் ஒழுகும். அதற்கு நாவின் முழு அசைவு வேண்டுவதில்லை. எனவே முலை பற்றாத குழந்தைக்குப் புட்டி கொடுத்தால் இடர் தீர்ந்தது எனக் கருதப்பட்டது. குழந்தையின் நாவை நோக்கவேண்டிய தேவையே இல்லாதுபோயிற்று.

செல்வர் இல்லங்களில் இது தீர்வாகத் தோன்றியிருக்கலாம். தூய நீரும் விறகும் பணமும் குறைந்த இல்லங்களில் அது பேரிடராயிற்று. 1939இற் சிங்கப்பூரில் வைத்தியர் சிசிலி வில்லியம்சு ஆற்றிய உரை இதனை உலகறியச் செய்தது. பாலும் கொலையும் என்ற பொருள்படும் தலைப்புடைய அவ்வுரையில், பொருந்தாப் பாலூட்டலால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகக் கருதவேண்டும் என அவர் வாதிட்டார். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கான மாற்றுணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுக்கக் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா மட்டுமே. இலங்கை 1983இற் தனக்கெனக் கோவையொன்றை நடைமுறைப்படுத்திற்று. இந்நாட்டில் 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் உண்போர் 2006–07இன் மதிப்பீட்டில் நூற்றுக்கு 76 ஆகவும், 2016இன் மதிப்பீட்டில் 82 ஆகவும் இருந்தனர். 2006–07இன் மதிப்பீட்டில் வட மாகாணம் உள்ளடக்கப்படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இடப்பெயர்வும் துணையின் இழப்பும்

இவ்வெண்களை நோக்கி மகிழும்போது, திரியாய் போன்ற ஊர்களின் அண்மைக்கால வரலாற்றை மறத்தலாகாது. 1985ஆம் ஆண்டின் வன்செயல்களில் திரியாயின் வீடுகள் எரிக்கப்பட்டன. மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். பல்லாண்டுகளின் பின்னரே அவர்களுட் சிலர் படிப்படியாக மீள முடிந்தது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையும் திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கிற்று.

இடப்பெயர்வில் இழக்கப்படுவது வீடும் வயலும் மட்டுமன்று. பிள்ளை பெற்றவளின் அருகிருந்து, குழந்தையை மார்பில் எவ்வாறு வைப்பதெனக் கைபிடித்துக் காட்டும் தாய், பெரியம்மை, அயலாள், மருத்துவிச்சி ஆகியோரின் வளையம் அப்போது சிதைந்துபோகின்றது. நாக்கட்டில்லாத குழந்தை அத்துணையின்றியும் ஒருவாறு பருகிவிடும். நாக்கட்டுள்ள குழந்தைக்கு அத்துணையே உயிர்நிலை. முகாமிலிருக்கும் தாய் காம்பு வெடித்து வருந்துகையில் வாயைத் திறந்து பார்ப்பார் இலராயின், அவளுக்கு எஞ்சுவது புட்டி ஒன்றே. கிணற்று நீரின் தூய்மை ஐயத்திற்குரியதாயும், பால்மா கிடைப்பது உறுதியற்றதாயும் உள்ளவிடத்து, நாவடியில் உள்ள சிறு சவ்வொன்று குழந்தையின் உயிருக்கே ஆபத்தாதல் கூடும். போர்க்கால மரணங்களின் கணக்கிற் சேராத மரணங்கள் இவ்வாறும் நேரலாம் என்பதை வரலாற்று மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இன்றைய நிலை: வெட்டுதலும் விடுதலும்

தாய்ப்பாலின் மேன்மை மீண்டும் உணரப்பட்டபோது நாக்கட்டும் மீண்டும் மருத்துவரின் கவனத்திற்கு வந்தது. ஆனால் இம்முறை மறதி மாறி மிகையாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1997க்கும் 2012க்கும் இடையில் நாக்கட்டு எனக் கண்டறியப்பட்ட குழந்தைகளின் தொகையும் சவ்வு வெட்டப்பட்டோர் தொகையும் பன்மடங்காயின. பிரேசில் 2014இற் பிறக்கும் குழந்தைகள் அனைவரின் நாவடியையும் சோதிக்கச் சட்டம் இயற்றியது. 2017இல் வெளியான கொக்கிறேன் ஆய்வுத் தொகுப்பு, 302 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து சோதனைகளை ஆராய்ந்து, வெட்டுதல் தாயின் காம்பு வலியைக் குறுகிய காலத்திற் குறைக்கின்றது எனவும், குழந்தையின் பருகுதலை மேம்படுத்துகின்றது என்பதற்கு ஒருமித்த சான்று கிடைக்கவில்லை எனவும் முடிவு கண்டது. 2024இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும், பாலூட்டலுக்கான ஏனைய உதவிகளை முதலில் அளிக்குமாறு வலியுறுத்திற்று. செல்சுசின் எச்சரிக்கையை இம்முடிவுகள் எதிரொலிக்கின்றன.

எனவே மருத்துவ அறிவு இன்று காட்டும் வழி படிமுறையானது. முதலாவது, பால் பருகும் குழந்தையை அருகிருந்து நோக்குதல். வாய் அகலத் திறக்கின்றதா, நாடி மார்பில் அழுந்துகின்றதா, விழுங்கும் ஒலி கேட்கின்றதா, ஐந்தாம் நாளளவில் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கின்றதா, இரு வாரங்களுள் பிறந்த எடையை மீண்டும் எட்டுகின்றதா என்பன நோக்கத்தக்கவை. இரண்டாவது, பற்றும் முறையைத் திருத்துதல். தாய் சற்றே சாய்ந்திருந்து குழந்தையைத் தன் மார்பின்மேற் கிடத்தினால், நா தானாகவே முன்னே விழும். மூன்றாவது, பற்றுதல் கைகூடும்வரை பாலைக் கையாற் பீய்ச்சிக் கோப்பையாலோ பாலாடையாலோ ஊட்டுதல். இதனாற் குழந்தையின் எடையும் காக்கப்படும்; மார்பின் சுரப்பும் குன்றாது. இவை பயனளியாவிடத்தே, பயிற்சி பெற்ற வைத்தியர் சவ்வை வெட்டுதல் நான்காவது. மழுங்கிய முனையுடைய கத்தரிக்கோலாற் சில நொடிகளில் முடியும் சிகிச்சை அது. முடிந்தவுடன் குழந்தைக்கு முலை கொடுக்கலாம். நாக்கட்டு உளது என்பதற்காக மட்டும் வெட்டுதல் முறையன்று. பால் பருகுதல் தடைப்பட்டதா என்பதே வினாவாதல் வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றையும் செய்தற்குப் பெரிய வைத்தியசாலை வேண்டுவதில்லை. பிரசவத்தின் பின் முதல் 10 நாள்களுள் இருமுறை வீடு செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாது அவற்றைச் செய்யவல்லவர். நாட்டின் பல வைத்தியசாலைகளிற் பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்களும் உள. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. எனினும் தாயர் இரண்டாம் நாளிலேயே வீடு திரும்புகையில், பால் பெருகி மார்பு இறுகும் மூன்றாம், நான்காம் நாள்கள் வீட்டிலேயே கழிகின்றன. நாக்கட்டின் துன்பம் வெளிப்படுவதும் அந்நாள்களிலேயாம். நகரிலிருந்து 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊரில், அந்நாள்களில் அத்தாயின் வாசலுக்கு மருத்துவமாது வருகின்றாரா என்பதே அக்குழந்தையின் நிலையைத் தீர்மானிக்கும்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நாக்கட்டின் வரலாறு புறக்கணிப்புக்கும் மிகைக்கும் இடையே ஊசலாடிய வரலாறாகும். இரண்டாவது, நம் மருத்துவ மரபு பாலையும் தாயின் உணவையும் ஆராய்ந்த அளவு குழவியின் வாயை ஆராயவில்லை. ஐரோப்பிய மருத்துவிச்சியர் வாயை நோக்கினர், ஆனால் நகத்தை நம்பினர். மூன்றாவது, சரகரின் தூய விரலும், மருத்துவிச்சியின் கூரிய நோக்கும், தமிழ்ப் பெண்டிரின் பாலாடையும் ஒன்றுசேருமிடத்து, பெரும்பாலான குழந்தைகள் கத்தியின்றியே காக்கப்படுவர்.

திரியாய்க் குன்றின் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வணிகர் இருவகையாரின் பெயர்களைக் காத்து நிற்கின்றது. அக்குன்றின் அடியில் வாழ்ந்த தாயருக்குக் கல்வெட்டு வேண்டுவதில்லை. பிள்ளை பெற்ற நான்காம் நாளில், வலியோடு குழந்தையை அணைத்திருப்பவளின் அருகமர்ந்து, பால் போதாது என்று கூறாமல், குழந்தையின் வாயைத் திறந்து நோக்கும் ஒருவரே அவர்களுக்கு வேண்டும். அத்தகையோர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தலை உறுதிசெய்தல் அரசினதும் சமூகத்தினதும் கடனாகும்.